பதினோராம் நம்பரில் நான் நட்ட குத்துகள்

நான் ஓய்வு பெற்ற அன்று நிலையத்தின் கூடத்தில் எனக்குச் சால்வை போட்டு, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் போய் நின்றேன். எதிரில் இருந்தவர்களில் எனக்குத் தெரியாத முகம் ஒன்றுகூட இல்லை. இருந்தும் நாக்கு எழவில்லை. கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் மாணவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். இப்போது எங்கள் வயலுக்கு மேலே டிரோன் பறக்கிறது. கீழே எத்தனை நெல் குத்து நிற்கிறது, அதில் உயிரோடு இருப்பது எத்தனை என்று படம் எடுத்துச் சொல்லிவிடுகிறது. அதை ஓட்டுகிறவர் அவர்தான்.

"அண்ணா, இது வர்றதுக்கு முன்னாடி எப்படி எண்ணுனீங்க?"

"நடந்துதாங்க" என்றேன்.

"தப்பு வராதா?"

பதில் சொல்வதற்குள் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். எனக்கு அது கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தப்பு வந்தது. ஒரு தடவை பெரிதாகவே வந்தது. அதைச் செய்தவன் நான். அதைச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பேச வராத எனக்கு எழுத்தும் சுலபமில்லை. ஆனால் எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அது போதும்.

எங்கள் ஊர் கேரள எல்லைக்குள் இருக்கும் எருத்தேன்பதிப் பக்கம். கடலையும் தென்னையும்தான் அதிகம். கால்வாய்த் தண்ணீர் எட்டுகிற இடத்தில் நெல் உண்டு. பத்தொன்பது வயதில் கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கும் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். பிறகு நிரந்தரமானது. எங்கள் நிலையம் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அதற்குக் கேரளம் முழுக்கக் கல்லூரிகளும் நிலையங்களும் இருக்கின்றன. மலையில் ஏலக்காய்க்கு ஒன்று, கடற்கரையில் தென்னைக்கு ஒன்று என்று சொல்லிக்கொண்டே போகலாம். எங்களுடையது அதில் ஒரு மூலை. சில ஏக்கர் வயல், ஒரு களம், ஒரு விதை அறை, ஓடு வேய்ந்த ஆபீஸ்.

சேர்ந்தபோது, நமக்கு இங்கே கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். உழவு தெரியும், நடவு தெரியும், அறுப்பு தெரியும். முதல் வருடம் முழுக்க நான் செய்தது, தெரிந்ததை மறந்ததுதான். நம் வயலில் எல்லாப் பயிரும் ஒரே மாதிரி நன்றாக வர வேண்டும் என்று பாடுபடுவோம். இங்கே எது நன்றாக வராது என்று தெரிந்துகொள்வதற்காகவே பாதிப் பயிரை வளர்ப்பார்கள். உரம் போடாத பாத்தி என்று ஒன்று இருக்கும். அதற்கு உரம் போட்டுவிடக் கூடாது. பூச்சி விழுந்தால் விழட்டும் என்று விடும் பாத்தி ஒன்று இருக்கும். அந்தப் பக்கம் மருந்து தெறித்துவிடக் கூடாது. இதற்குக் கை பழக நாளாகும்.

வத்சலா டாக்டர் வந்த பிறகுதான் எனக்கு இதெல்லாம் பிடிபட்டது. டாக்டர் என்றால் நெல்லுக்கு டாக்டர். ஒற்றப்பாலம் பக்கத்து மலையாளி. வந்தபோது அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் நடவுப் பெண்களிடம் கற்றுக்கொண்டார். அதனால் பாதி மலையாளமும் பாதி எங்கள் கொங்குத் தமிழுமாகப் பேசுவார். சாதாரணமாக எங்களை "நீ, வா, போ" என்றுதான் பேசுவார். கோபம் வந்தால்தான் "ங்க" போடுவார். குரல் உயராது, மரியாதை உயரும். "வாங்க ஆறுச்சாமி" என்று கூப்பிட்டால் என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்துக்கொண்டே போவேன்.

அவர் வேலை செய்யும் முறையை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எத்தனை ரகம் இருக்கிறதோ அத்தனை துண்டுக் காகிதத்தில் நம்பர் எழுதி, ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்குவார். நடவுக்கு வந்திருக்கும் பெண்களில் ஒருவரை எடுக்கச் சொல்வார். எந்தச் சீட்டு வருகிறதோ அந்த ரகம் அந்தப் பாத்தி. இப்படி மூன்று தடவை. ஒவ்வொரு ரகமும் மூன்று இடத்தில் நிற்கும். "நல்ல எடத்த நமக்குப் புடிச்ச ரகத்துக்குக் குடுத்துருவோம். மனுசப் புத்தி அது. அதுக்குத்தான் சீட்டு" என்பார்.

நடவுக்கு முடிச்சுப் போட்ட கயிறு. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு குத்து. ஒரு குத்து என்றால் சேர்த்து நடும் இரண்டு மூன்று நாற்று. பாத்தியின் நான்கு பக்கத்திலும் வெளி இரண்டு வரிசையை எண்ணவும் மாட்டோம், எடை போடவும் மாட்டோம். வரப்போரம் ஈரம் அதிகம், வெயிலும் அதிகம். அங்கே நிற்கும் பயிர் நடுவில் நிற்கும் பயிரைப் போல இருக்காது. அறுத்த நெல்லைச் சாக்கில் கட்டும்போது சீட்டு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. புத்தகத்தில் எழுதப் பென்சில்தான். பேனா என்றால் பனியில் கரைந்துவிடும் என்று பென்சிலைக் கொண்டையில் செருகி வைத்திருப்பார். பார்த்ததை எழுது, பார்க்காததற்குக் கோடு போடு, அவ்வளவுதான் அவருடைய சட்டம். ஒரு பாத்தியை எலி கடித்து நாசம் செய்துவிட்டால், பக்கத்துப் பாத்தியைப் பார்த்து உத்தேசமாக ஒரு எண் போட மாட்டார். ஒரு சின்னக் கோடு இழுத்துவிட்டுப் போய்விடுவார்.

இனி அந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கால்வாயின் கடைசி மடையில் நிலம் வைத்திருப்பவர்கள்தான் எங்கள் பக்கத்தில் அதிகம் அடிபடுகிறவர்கள். முதல் போகத்துக்கு மழை இருக்கும். இரண்டாம் போகத்துக்குக் கால்வாயை நம்ப வேண்டும். மேலே இருப்பவர்கள் எடுத்தது போகத்தான் இவர்களுக்கு வரும். மார்கழியில் மலைக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்க ஆரம்பித்தால் நிலம் நான்கே நாளில் வெடித்துவிடும். அந்த நேரத்தில் தண்ணீரும் நின்றால் பயிர் போச்சு. அவர்களுக்காகத்தான் டாக்டர் பதினான்கு ரகங்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடம் கடைசியில் நெல்லை எடை போட்டுத்தான் கணக்குப் பார்த்தோம். மூன்றாம் வருடம் வேறு மாதிரி செய்தார். பயிர் தூர் கட்டும், அதாவது அடியில் கிளை விடும் நேரத்தில் தண்ணீரை அடியோடு அடைத்தார். வயல் வெடித்து, இலை சுருண்டு, வைக்கோல் நிறத்துக்குப் போன பிறகு திறந்தார். எத்தனை குத்து திரும்பப் பச்சை பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை அவர் ஆபீஸில் பேசியிருப்பார், எழுதியும் வைத்திருப்பார். எங்களிடம் சொன்னதெல்லாம் "அடை", "தொற" என்ற இரண்டு வார்த்தைதான்.

தண்ணீர் திறந்து ஒரு வாரம் ஆனதும் அவர் தலைமையிடத்துக்கு மீட்டிங் போய்விட்டார். நான்கு நாள் இருக்க மாட்டார். இரண்டாம் நாள் ஆபீஸிலிருந்து செய்தி வந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து பெரிய அதிகாரிகள் குழு ஒன்று நாளை நிலையத்தைப் பார்க்க வருகிறது, வயலைச் சுத்தமாக வைக்க வேண்டும்.

நானும் மாராத்தாக்காவும் வரப்புச் செதுக்கினோம், களை எடுத்தோம். மாராத்தாக்கா எனக்கு முன்பே நிலையத்தில் சேர்ந்தவர். கை எவ்வளவு வேகமோ வாயும் அவ்வளவு வேகம். பொழுது சாயும் நேரத்தில் எல்லாம் முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், கண்ணில் குத்துகிற மாதிரி பதினோராம் நம்பர் நின்றது. சீட்டு அப்படி விழுந்திருந்தது. அதன் ஒரு பாத்தி கார் வந்து நிற்கும் இடத்தில், இன்னொன்று அதிகாரிகள் நடந்து வரும் வரப்போரம். இரண்டிலும் அங்கங்கே குத்து செத்து, ஓட்டை ஓட்டையாக இருந்தது. டாக்டர் இல்லாத நேரத்தில் அவருடைய வயலை நாலு பேர் பார்த்து முகம் சுளிப்பதா என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் ஊரில் செத்த குத்து இருக்கும் இடத்தை அப்படியே விட்டால் அது சோம்பேறியின் வயல். தூர் அதிகமாக இருக்கும் குத்திலிருந்து பிரித்து எடுத்து, ஓட்டையில் நட்டு நிரப்பிவிடுவோம். நானும் யோசித்தேன். யோசிக்காமல் செய்யவில்லை, அதுதான் பெரிய கூத்து. வேறு ரகம் கலந்துவிடக் கூடாது என்று அதே பாத்தியின் ஓர வரிசையிலிருந்து பிரித்தேன். ஓர வரிசையைத்தான் நாங்கள் எண்ணுவதே இல்லையே, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைத்தேன்.

மாராத்தாக்கா வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏந் தம்பி, ஒறம்பரை வர்றாங்கன்னு கெழவனுக்குப் பல்லு கட்டி உடறியா?"

"சும்மா இருங்கக்கா. டாக்டரம்மா பேரு கெட்டுறக் கூடாதில்ல."

"பேரு கெடாது. உன்ற இடுப்புத்தான் கெடும். எந்திரி, பொழுது போச்சு."

இரண்டு பாத்தியையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். மூன்றாவது பாத்தி மேட்டுக்கு அந்தப் பக்கம், யார் கண்ணிலும் படாது. அதைத் தொடவில்லை. மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், போனார்கள். பதினோராம் நம்பர் அருகே ஒருவர் நின்று ஏதோ குறித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டர் வந்த மறுநாள் காலை, "வா, எண்ணலாம்" என்றார். நான் வரிசை வரிசையாக நடக்க வேண்டும். உயிரோடு இருக்கும் குத்துக்கு "இருக்கு", செத்ததற்கு "இல்லெ" என்று சொல்ல வேண்டும். அவர் வரப்பில் நின்று புத்தகத்தில் கோடு போடுவார். ஒன்றாம் நம்பரில் ஆரம்பித்தோம். இருக்கு, இருக்கு, இல்லெ, இருக்கு. நாலைந்து பாத்தி போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. இந்த வருடம் எடை போடுவதற்கு வயல் வைக்கவில்லை. செத்தது எத்தனை என்று எண்ணத்தான் வைத்திருக்கிறோம். அந்த ஓட்டைகள்தான் விளைச்சல். நான் அதை அடைத்துவிட்டேன்.

பதினோராம் நம்பருக்கு வந்தோம். நான் நட்ட முதல் குத்து காலடியில் பச்சையாக நின்றது.

"என்ன ஆறுச்சாமி, நின்னுட்ட?"

நான் வாயைத் திறந்தேன். "இருக்கு" என்று வந்தது.

அடுத்ததும் இருக்கு, அதற்கடுத்ததும் இருக்கு. அன்றைக்கு என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. மூன்றாவது பாத்தியில், மேட்டில், நிறைய "இல்லெ" வந்தது. டாக்டர் புருவத்தைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது மேடு. ஈரம் சீக்கிரம் போயிருக்கும்" என்று அவராகவே ஒரு காரணம் கண்டுபிடித்து ஓரத்தில் எழுதினார். உண்மையைச் சொன்ன ஒரே பாத்தி அதுதான். அதற்குத்தான் குறை எழுதினார்.

கணக்குப் பார்த்ததில் பதினொன்று முதலிடத்துக்கு வந்தது. எண்கள் தலைமையிடத்துக்குப் போயின. அடுத்த மாதம் பல்கலைக்கழகத்தின் பெரிய கூட்டத்தில் டாக்டர் அதைப் படிப்பதாக இருந்தது. மூன்று வருட உழைப்பு. அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் பழம்பொரியும் டீயும் வாங்கிக் கொடுத்தார். என் பங்கை மாராத்தாக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

நான் அப்படியே சும்மா இருந்திருப்பேன். அதை ஒளிக்காமல் எழுதுகிறேன். வெட்கமும் பயமும் சேர்ந்தால் ஒரு மனிதன் எவ்வளவு நாளும் சும்மா இருக்கலாம். என்னை இருக்கவிடாமல் செய்தவர் நாச்சிமுத்தண்ணன்.

அவர் கடைசி மடையில் நாலு ஏக்கர் நெல் வைத்திருப்பவர். அந்தப் பகுதியின் பாடசேகரத்துக்கு, அதாவது வயல்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்தும் சங்கத்துக்கு, அவர்தான் தலைவர். தை மாதம் விவசாயிகளை நிலையத்துக்குக் கூப்பிட்டு வயலைக் காட்டினார்கள். பதினோராம் நம்பர் விதை வேண்டும் என்பவர்கள் பேர் கொடுக்கலாம் என்றார்கள். முதல் பேர் நாச்சிமுத்தண்ணனுடையது. அவரைப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு பேர் கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவர் என்னைத் தேடி மோட்டார் அறைப் பக்கம் வந்தார்.

"ஏனப்பா ஆறுச்சாமி. டாக்டரம்மா சொன்னதக் கேட்டாச்சு. நீ சொல்லு. நெசமாலுமே தாங்குமா?"

"டாக்டரம்மாதானுங்க சொல்லோணும். நான் என்னத்தக் கண்டேனுங்ணா."

"அவிய எண்ணிப் பாத்தவிய. நீ காலு வெச்சவன். போன வருசம் நாலு ஏக்கராவும் கருகிப் போச்சு. வர்ற வருசம் பழசு பாதி புதுசு பாதின்னுகூட வெக்கறதில்ல, மொத்தமும் இதுதான்னு முடிவு பண்ணீட்டன். நீ ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, போதும்."

நான் மோட்டார் அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நாளைக்குச் சொல்றனுங்ணா" என்றேன்.

"ஆமான்னு சொல்றதுக்கு நாளு பாக்கோணுமா? என்னப்பா, பொண்ணா கேட்டேன்?" என்று சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாள் காலை டாக்டர் விதை அறையில் இருந்தார். வாசலில் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மேடம், ஒண்ணு சொல்லோணுங்க."

"சொல்லு."

"பதினொண்ணுல நான் நட்டேனுங்க."

"எல்லாப் பாத்தியும் நீங்க எல்லாரும் சேந்துதானே நட்டது?"

"அது இல்லீங்க. தண்ணி தொறந்தப்பறம் நட்டேனுங்க. செத்த எடத்துல. ஓர வரிசைல இருந்து பிரிச்சு."

அவர் கையில் இருந்த விதைத் தட்டைக் கீழே வைத்தார். 

"எண்ணும்போது இது தெரியுமோ உனக்கு?"

"பாதி எண்ணும்போது தெரிஞ்சுதுங்க."

"அப்பறம் எதுக்கு அங்க சொல்லல?"

"வாய் வரலீங்க."

"'இருக்கு'ன்னு சொல்ல வாய் வந்துதில்லீங்களா?"

அதில் இருந்த "ங்க"வை நான் கேட்டேன். அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். "வாங்க. எதெதுன்னு காட்டுங்க."

வயலில் இறங்கினோம். நான் ஓட்டையில் நட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேலே பார்த்தால் எல்லாக் குத்தும் ஒரே பச்சை. டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் குனிந்து ஒரு குத்தின் அடியை விலக்கிக் காட்டினேன். காய்ந்து பிழைத்த குத்தின் அடியில் பழைய இலை வைக்கோலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு தளிர்த்ததெல்லாம் அதற்குள்ளிருந்து வந்திருக்கும். நான் நட்டதில் அந்த வைக்கோல் இல்லை, அடி சுத்தமாக இருந்தது. ஓரத்தில் நின்ற குத்துக்கு ஈரம் கிடைத்ததால் அது காயவே இல்லை. காயாத தூரைத்தான் நான் பிரித்து நட்டிருந்தேன்.

டாக்டர் சேற்றில் மண்டி போட்டு உட்கார்ந்தார். ஒரு குத்தை விலக்கினார், இன்னொன்றை விலக்கினார். "இது இருக்கு. இது நீ. இதும் நீ" என்று தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் என்னை மறுபடி "நீ" என்று சொன்னதை அப்போதுதான் கவனித்தேன்.

"ஆறுச்சாமீ, இந்த அடித்தாள் விஷயம் உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. களை எடுக்கறப்பக் கைல படும்."

கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து அதையும் எழுதிக்கொண்டார். பிறகு சிவப்பு நூல் கொண்டுவரச் சொன்னார். நான் நட்ட குத்து ஒவ்வொன்றிலும் கட்டினோம். மாராத்தாக்காவையும் கூப்பிட்டு, அன்று பார்த்ததைச் சொல்லச் சொன்னார்.

"பாத்தனுங்க. அன்னிக்கே சொன்னனுங்க, இடுப்புப் போயிரும்னு" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "பல்லு கட்டுன வைத்தியரு இன்னிக்குப் பல்லுல நூலு கட்டறாரு" என்றார். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியாது.

சாயங்காலம் வரை கட்டினோம். கட்டி முடித்துப் பார்த்தபோது இரண்டு பாத்தியிலும் சிவப்பு நிறையவே தெரிந்தது. "மேடம், அந்தச் செவப்பக் கழிச்சுட்டுப் போட்டாச் செரியாயிருமில்லீங்களா?" என்று கேட்டேன்.

"ஓர வரிசைய நீ கலைச்சாச்சு. அதனால உள்ள நிக்கறதுக்கு வெயில் கூடிருக்கும். எத்தன கூடுச்சுன்னு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு எண்ணு போட மாட்டேன்." புத்தகத்தில் அந்த இரண்டு பாத்திக்கு நேராக இருந்த எண்களை அடித்துவிட்டு, இரண்டு சின்னக் கோடு இழுத்தார்.

"என்னைய வேலைய உட்டு எடுத்துருவாங்களாங்க?"

"அது எனக்குத் தெரியாது. நடந்தத எழுதுவேன். நடக்காதத எழுத மாட்டேன்."

அவர் எழுதினார். எனக்கு ஒரு மெமோ வந்தது. பதில் எழுதிக் கொடுத்தேன், அதோடு நின்றது. தன் கடிதத்தில் என் தவறை எழுதிய இடத்திலேயே இன்னொன்றையும் எழுதியிருந்தார் என்று பிறகு ஆபீஸில் சொன்னார்கள். எதற்காக எண்ணுகிறோம் என்பதை வேலையாட்களிடம் தான் சொல்லவில்லை, அது தன் குறை என்று எழுதியிருந்தாராம். பெரிய கூட்டத்தில் அவர் அந்த முடிவைப் படிக்கவில்லை. இன்னொரு வருடம் முதலிலிருந்து செய்தார்.

மறுநாளே நாச்சிமுத்தண்ணன் வீட்டுக்குப் போனேன். களத்தில் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"நட்டு நெரப்புனியா? நல்ல வேலதானப்பா அது?"

"நம்ம காட்டுலன்னா நல்ல வேலைங்ணா. அங்க எத்தன சாகுதுன்னு பாக்கறதுக்குத்தான் வெச்சிருந்தாங்க."

அவர் கையில் இருந்த தட்டு அப்படியே நின்றது.

"அப்ப இது தாங்காதா?"

"தெரியாதுங்ணா. இன்னொரு வருசம் பாத்தாத்தான் தெரியும்."

"அடப்பாவி. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கனேடா, நம்ம ஆளு ஒருத்தன் உள்ள இருக்கறான், அவன் கால் வெச்ச வயலு, பொய் சொல்லாதுன்னு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கையில் இருந்ததை மாட்டுக்கு முன்னால் போட்டார். "செரி. நாலு ஏக்கராவும் கருகுனப்பறம் வந்து சொல்லாம இப்ப வந்து சொன்னயே" என்றார். "போ. ஊர்ல கேக்கறவங்களுக்கு நான் என்னன்னு சொல்லட்டும்?"

"நானே சொல்றனுங்க."

பேர் கொடுத்தவர்கள் எல்லார் வீட்டுக்கும் போனேன். மைக் முன்னால் வாய் திறக்க முடியாத நான், பன்னிரண்டு வாசலில் நின்று அதே வார்த்தையைச் சொன்னேன். இரண்டு பேர் திட்டினார்கள். ஒருவர் மோர் கொடுத்தார். பாக்கிப் பேர் கேட்டுக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் டாக்டர் முறையையே மாற்றினார். தண்ணீரை அடைக்கும் முன்பே ஒவ்வொரு பாத்தியிலும் எண்ண வேண்டிய குத்துகளுக்கு நூல் கட்டிவிடுவோம். எண்ணும்போது இலையை மட்டும் பார்க்காமல் அடித்தாளையும் விலக்கிப் பார்க்க வேண்டும். இது மற்ற நிலையங்களுக்கும் எழுதிப் போயிற்று. இன்னொன்றும் செய்தார். திங்கட்கிழமை காலையில் வயலில் இறங்கும் முன் எங்களையெல்லாம் களத்தில் நிற்கவைத்து, இந்த வயல் எதைக் கேட்கிறது என்று சொல்வார். "இது, எந்த நெல்லு வெள்ளத்துல சாயாதுன்னு கேக்குது. சாஞ்சத நிமுத்திக் கட்டாதீங்க." "இது, உரத்த எவ்வளவு வரைக்கும் குறைக்கலாம்னு கேக்குது." அதற்குப் பிறகு எங்களில் ஒருவர்கூட அந்த மாதிரித் தவறு செய்யவில்லை. மாராத்தாக்காவே ஒரு புதுப் பெண்ணை, "அந்தப் புல்லப் புடுங்காத புள்ள, அது கேள்வி" என்று அதட்டியதை நான் கேட்டிருக்கிறேன்.

பல்கலைக்கழகம் என்றால் என்ன செய்கிறது என்று எங்கள் ஊரில் கேட்பார்கள். கட்டிடம் தெரியும், கார் தெரியும், வேறு தெரியாது. நான் ஒரே ஒரு தடவை தலைமையிடத்துக்குப் போயிருக்கிறேன், விதை மூட்டை ஏற்றிய வண்டியோடு. அங்கே டாக்டர் என்னை நூலகத்துக்குக் கூட்டிப்போய் ஒரு தடித்த புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். இங்கிலீஷ். எனக்குப் படிக்க வராது. ஆனால் கட்டம் கட்டமாக எண்கள் இருந்தன. எண்கள் எனக்குத் தெரியும். எங்கள் நிலையத்தின் பாத்திகள் அதே வரிசையில் இருந்தன. பதினொன்றுக்கு நேரே இரண்டு இடத்தில் எண் இல்லை, சின்னக் கோடு. "இவிட பாரு" என்று டாக்டர் அதன்மேல் விரலை வைத்தார். பார்த்தேன். எங்கள் மூலையில் ஒருவன் வரப்பில் நடந்து "இருக்கு", "இல்லெ" என்று சொன்னது, மலையிலும் கடற்கரையிலும் மற்றவர்கள் சொன்னதோடு சேர்ந்து அங்கே நிற்கிறது. யாரோ ஒரு விவசாயி என்ன நடுவது என்று முடிவு செய்யும்போது அதைத்தான் நம்புகிறார். அன்றைக்கு எனக்கு என் வேலையின் அளவு தெரிந்தது. அது சின்ன வேலை இல்லை. இப்போதும் அதைத் தயங்காமல் சொல்வேன்.

மறுபடி செய்த சோதனையில் பதினோராம் நம்பர் நடுவில்தான் வந்தது. மேட்டுப் பாத்தி முந்தின வருடமே சொன்னதுதான். நாலாம் நம்பர் மேலே வந்தது. குட்டையான ரகம், பார்வைக்கு ஒன்றும் இருக்காது, யாரும் அதன் பக்கம் நின்று பார்த்ததே இல்லை. டாக்டர் அதை அங்கேயும் இங்கேயும் வைத்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் விதை கொடுத்தார்.

நாச்சிமுத்தண்ணன் மறுபடி வந்தார். மறுபடி அதே கேள்வி.

"தாங்குமா?"

இந்தத் தடவை நான் நாளைக்கு என்று சொல்லவில்லை.

"எல்லாம் தாங்காதுங்ணா. பத்துக் குத்துல ரெண்டு போகும். மேட்டுல மூணு போகும். பாக்கி திரும்பும்."

 "போகட்டும். எத்தன போகும்னு தெரிஞ்சாப் போதும். அதுக்குத் தக்கன, ஓட்டைய அடைக்க ஓரத்துல கொஞ்சம் நெருக்கி நட்டு வெச்சுக்கறன்" என்றார். நாலு ஏக்கரில் மூன்றில் நாலாம் நம்பரையும், ஒன்றில் தன் பழைய விதையையும் வைத்தார்.

அந்த வருடமும் மார்கழியில் காற்று அடித்தது. கடைசி மடைக்குத் தண்ணீர் வருவது நின்றது. அவர் வயல் வெடித்துக் கிடப்பதைப் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். இறங்கிப் போய்ப் பார்க்கத் தைரியம் இல்லை. மடை திறந்து ஒரு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். பழைய விதை வைத்த ஏக்கர் வைக்கோலாக நின்றது. மற்ற மூன்றும் பச்சை. நான் வரப்பில் நின்று பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தேன். தாழ்வில் பத்துக்கு இரண்டு "இல்லெ". மேட்டில் மூன்று.

நாச்சிமுத்தண்ணன் நடு வயலில் குனிந்திருந்தார். பக்கத்தில் ஓரத்துக் குத்திலிருந்து பிரித்த தூர்கள் ஒரு கட்டு. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தார்.

"ஏனப்பா, இங்க ஓட்டைய அடைக்கலாமா? இல்ல இதுக்கும் உங்க டாக்டரம்மாளக் கேக்கோணுமா?"

"நடுங்ணா, நடுங்க" என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானும் இறங்கினேன்.